நான் கணக்கு முடித்த கதை

1

மெல்போர்னில் இருக்கும் தாம்பரத்துக்காரர்களில், யார் தயவும் இல்லாமல் தன் பி.எஃப். பணத்திலேயே டிக்கெட் எடுத்து விமானம் ஏறியவன் நான் ஒருவன்தான்.

இது பொய். டிக்கெட் எடுத்தது என் மனைவி எஸ்தர். பரீட்சை எழுதியது எஸ்தர். விசா வாங்கியது எஸ்தர். ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்தது மட்டும் நான். விசாத் தாளில் என் பெயருக்கு எதிரே 'சார்ந்திருப்பவர்' என்று இங்கிலீஷில் போட்டிருந்தார்கள். அதை எழுதிய அதிகாரி என்னைப் பார்த்ததே இல்லை. எப்படி அவ்வளவு சரியாகக் கண்டுபிடித்தார் என்பது இன்றைக்கும் எனக்கு ஆச்சரியம்.

ஆனால் பதினைந்து வருஷமாக ஊரில் எல்லோரிடமும் நான் சொல்லிவந்தது முதல் வரியில் இருக்கிறதே, அதைத்தான். போன மாதம் அந்தப் பொய் ஒரு ஆளை விழுங்கப் பார்த்தது. அதனால்தான் இதை ஊருக்கு எழுதுகிறேன். எழுதுகிறேன் என்பதும் முழு உண்மை இல்லை. எட்டாம் வகுப்பில் இரண்டு தடவை உட்கார்ந்தவன் நான். நான் பேசப் பேச போன் எழுதிக்கொள்கிறது, பிழையை எஸ்தர் திருத்துகிறாள்.

2

இங்கே என் நாள் எப்படி என்றால், இருட்டிலேயே எழுந்து, பழைய காரில் குளிரோடு சண்டை போட்டுக்கொண்டு போய், ஆறு மணிக்கு டிரெய்லர் செய்யும் பட்டறையில் வெல்டிங் ஹெல்மெட்டை மாட்டுவேன். இரண்டரைக்கு விடுவார்கள். போன மாதம் ஒரு புதன்கிழமை, காரில் வந்து உட்கார்ந்து போனைப் பார்த்தால் சாமுவிடமிருந்து ஒரு போட்டோ.

சாமு என்கிற சாமுவேல், எஸ்தரின் தம்பி. நாற்பது வயது. பெண்டாட்டி, இரண்டு பிள்ளைகள். திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் வெல்டர். நான் வேலை பார்த்த யூனிட்டுக்கு அடுத்த தெருவில்தான் அவன் யூனிட். போட்டோவில் இருந்தது ராஜினாமாக் கடிதம். கீழே அவன் குரல்.

"மாமா, பேப்பர் குட்த்துட்டேன். அட்த்த வாரம் சனிக்கெழமையோட லாஸ்ட்டு. கணக்கு முட்ச்சி பி.எஃப். மொத்தத்தையும் எட்த்து ஏஜென்ட் கைல குட்த்துட்டா ஃபாரின் தான். உன் ரூட்டுலயே நானும் வந்துகினு கீறேன். நீதான் மாமா எனக்குத் தெகிரியம்."

காரை ஸ்டார்ட் செய்ய மறந்து அப்படியே உட்கார்ந்திருந்தேன். ஃபோர்மேன் வந்து கண்ணாடியைத் தட்டி, பேட்டரி போய்விட்டதா என்று கேட்டார். "யெஸ் யெஸ், நோ பிராப்ளம்" என்றேன். அவர் போய் இணைப்பு வயரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். என் இங்கிலீஷின் நிலவரம் அப்படி.

கணக்கு முடிப்பது என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். எங்கள் தொழிற்பேட்டையில் அது ஒரு பழக்கம். பெண்ணுக்குக் கல்யாணமா, வீட்டுக்குத் தளம் போட வேண்டுமா, ஆள் வேலையை விட்டுவிடுவான். பி.எஃப். பணத்தை மொத்தமாக எடுப்பான். கொஞ்ச நாள் கழித்துப் பக்கத்து யூனிட்டில் புது ஆள் போலப் போய்ச் சேர்வான். பணம் கைக்கு வந்த அன்று ஷாப்பில், அதாவது பட்டறையில், எல்லோருக்கும் டீயும் மசால்வடையும் வாங்கிக் கொடுக்க வேண்டும். அதற்குப் பெயர் 'கணக்கு டீ'. கணக்கு டீ கொடுத்தவனுக்கு அன்று முழுக்க மாப்பிள்ளை மரியாதை. நான் வடையோடு ஜிலேபியும் வாங்கிக் கொடுத்தேன். மாலை போடாததுதான் குறை.

என் காலத்தில் எல்லாம் காகிதம்தான். தொழிற்பேட்டைக்கு வெளியே டீக்கடை பெஞ்சில் ஒரு அண்ணன் உட்கார்ந்து ஃபார்ம் நிரப்பிக் கொடுப்பார். கடைசியில் பென்ஷனுக்கென்று தனியாக ஒரு தாள். "இதையும் எட்த்துறலாம் இல்ல?" என்று கேட்டுக்கொண்டே அவரே டிக் போட்டார். என் வாயில் வடை இருந்தது. தலையை மட்டும் ஆட்டினேன்.

அந்தத் தலையாட்டலுக்கு என்ன விலை என்று எனக்கு அப்போது தெரியாது. முதலாளி நம் பெயரில் கட்டுகிற காசில் ஒரு பங்கு பென்ஷனுக்குப் போகிறது. பத்து வருஷ சர்வீஸ் சேர்ந்துவிட்டால், ஐம்பத்தெட்டு வயதிலிருந்து மூச்சு இருக்கிறவரை மாதாமாதம் பென்ஷன். நமக்குப் பின்னால் பெண்டாட்டிக்கு. கம்பெனி மாறினாலும் சர்வீஸ் கூடிக்கொண்டே போகும். பத்து வருஷம் ஆவதற்குள் அந்தப் பங்கை எடுத்துவிட்டால், அதுவரை உழைத்த வருஷமெல்லாம் கணக்கில் இல்லாமல் போய்விடும். அன்றைக்கு எனக்கு ஒன்பது வருஷமும் மூன்று மாதமும் ஆகியிருந்தது. சாமுவுக்கு இப்போது எட்டரை வருஷம்.

எங்கள் ஷாப்பில் கஜேந்திரன் என்று ஒருத்தன் இருந்தான். எவ்வளவு கஷ்டம் வந்தாலும் கணக்கு முடிக்க மாட்டான். ஒருநாளும் கணக்கு டீ கொடுக்காததால் அவனுக்குக் கஞ்ச கஜா என்று பெயர் வைத்ததே நான்தான். போன தடவை நான் ஊருக்கு வந்தபோது மேற்குத் தாம்பரத்தில் டிபன் சாப்பிடக் கூட்டிப்போனான். நான் பர்ஸை எடுத்தேன், விடவில்லை.

"சும்மா இரு மச்சான். பென்ஷன் காசு. பெருசா ஒண்ணும் வர்ல. ஆனா பையன் மூஞ்சியப் பாக்காம ஒரு டீ குடிக்கலாம் பாரு, அதான் மேட்டரு."

ஆஸ்திரேலியாவில் சம்பாதிக்கிறவன் தின்ற பூரிக்குக் கஞ்ச கஜா காசு கொடுத்தான். பூரி நன்றாகத்தான் இருந்தது. இறங்கத்தான் நேரம் ஆனது.

3

என் பணம் எங்கே போனது என்பதை இதுவரை ஊரில் யாருக்கும் சொன்னதில்லை.

தாம்பரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் ஏஜென்ட் ஆபீஸ். மேஜை மேல் உலக உருண்டை. அந்த ஆள் அதை ஒரு சுற்று சுற்றி, விரலால் டக்கென்று நிறுத்தி, "இங்கதான் சார் உங்களுக்கு வேலை" என்றார். அவர் விரல் இருந்தது கடலில். நான் கவனிக்காமல் இல்லை. படித்தவர், காரணம் இல்லாமலா கடலில் வைப்பார் என்று நினைத்துக்கொண்டேன். ஒன்பது வருஷத்துப் பணத்தை இரண்டு தவணையில் கொண்டுபோய் அந்தக் கடலில் போட்டேன்.

மூன்று மாதம் கழித்துப் போனால் போர்டைக் காணோம். உள்ளே ஒரு அம்மா தையல் மிஷினில் உட்கார்ந்திருந்தார். "யாருக்கு சார் பிளவுஸ், அளவு கொண்டாந்தீங்களா?" என்று கேட்டார்.

எஸ்தரிடம் எப்படிச் சொல்வது. கணக்கு முடிப்பதற்காக வேலையை வேறு முன்பே விட்டிருந்தேன். வேறு யூனிட்டில் சேர்ந்துவிட்டதாக அவளிடம் சொன்னேன். தினமும் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு கிளம்பி, தாம்பரம் ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் ஒரு பெஞ்சில் உட்காருவேன். பீச் வண்டி போகும், செங்கல்பட்டு வண்டி வரும். மத்தியானம் ஆனால் சாப்பிடுவேன். ஷிஃப்ட் முடிகிற நேரத்துக்கு வீட்டுக்குப் போய், களைப்பாக இருக்கிறது என்று படுத்துக்கொள்வேன். உண்மையிலேயே களைப்பாகத்தான் இருக்கும். பொய் சொல்வது பாரம் தூக்குகிற வேலை.

எஸ்தர் குரோம்பேட்டையில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஒரு நாள் அரை நாள் லீவு போட்டுவிட்டு வண்டியில் வந்து இறங்கியிருக்கிறாள். நான் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். ஓடக்கூட முடியாது, மடியில் சாம்பார்.

பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"இன்னிக்கு என்ன குழம்பு?"

"நீ வெச்சதுதான்."

"கொஞ்சம் குடுங்க. பசிக்குது."

பாதியைச் சாப்பிட்டாள். கை கழுவிவிட்டு வந்து, "எவ்வளவு நாளா?" என்று மட்டும் கேட்டாள். சொன்னேன். அதற்கு மேல் அந்த பெஞ்சில் ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டுக்குப் போன பிறகு பேசினாள். அதை இங்கே எழுத முடியாது.

அடுத்த வாரம் ஒரு இங்கிலீஷ் பரீட்சைப் புத்தகத்தோடு வந்தாள். வெளிநாட்டில் நர்ஸ் வேலைக்கு அதில் தேற வேண்டும். அவள் படிப்பாள், நான் சமைப்பேன். பேச்சுப் பரீட்சைக்குக் கேள்வி கேட்பதும் நான்தான். கையில் வாட்ச், மடியில் புத்தகம், எழுத்துக் கூட்டிக் கூட்டிக் கேட்பேன். என் வாயிலிருந்து வருகிற இங்கிலீஷைப் புரிந்துகொண்டு பதில் சொன்னவளுக்கு வெள்ளைக்காரர்கள் பேசுவதெல்லாம் தண்ணீர் பட்ட பாடு. இரண்டு தடவை அரை மார்க்கில் போனது. மூன்றாவது தடவை தேறினாள். செலவுக்குச் சீட்டு எடுத்தாள், வளையலை அடகு வைத்தாள். பன்னிரண்டு வருஷம் சேர்ந்திருந்த அவளுடைய பி.எஃப்பை மட்டும் தொடவில்லை. ஏன் என்று கேட்டேன். "ஒரு வீட்ல ஒருத்தர் எடுத்தா போதும்" என்றாள்.

நாங்கள் கிளம்பும் நாள் ஏர்போர்ட்டில், சாமு என் பெட்டியைத் தள்ளிக்கொண்டே, "எப்டி மாமா இவ்ளோ துட்டு பெரட்டின?" என்று கேட்டான். "பி.எஃப். எடுத்தேன் மச்சான்" என்றேன். எடுத்தது உண்மைதானே. எஸ்தர் பாஸ்போர்ட்டுகளோடு பக்கத்தில் நின்றாள். என்னை ஒரு பார்வை பார்த்தாள். பாஸ்போர்ட்டுகளைத் திரும்ப எண்ணினாள்.

4

புதன்கிழமை வீட்டுக்கு வந்ததும் சாமுவின் குரலை அவளுக்குப் போட்டுக் காட்டினேன். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவள், ஷூ லேஸைக் கட்டாமல் நிமிர்ந்தாள்.

"சொல்லிடுங்க."

"நீயே சொல்லேன் எஸ்தர். ரூல் மாறிடுச்சு, இப்ப எடுக்கக் கூடாதுன்னு சொல்லு. அக்கா சொன்னா கேப்பான்."

"கேக்க மாட்டான். மாமாவே எடுத்தாரேம்பான். நீங்க ஏத்தி வெச்சது, நீங்களே எறக்கி வைங்க."

"பதினஞ்சு வருஷமா நீயும் ஒண்ணும் சொல்லலையே."

லேஸைக் கட்டி முடித்தாள். பிறகு சொன்னாள்: "எங்க வீட்ல உங்கள எல்லாரும் தூக்கி வெச்சுப் பேசினாங்க. எனக்கு அது பிடிச்சிருந்துது. அதான்."

கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டாள். என் பொய்யை நான் மட்டும் சுமக்கிறேன் என்றுதான் இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். தினமும் அதற்குத் தண்ணீர் ஊற்றியது அவள். அம்மா வீட்டில் தனக்கு வர வேண்டிய பெயரையெல்லாம் தூக்கி எனக்குக் கொடுத்துவிட்டு, டியூட்டிக்குப் போய்க்கொண்டிருந்தாள். அந்தக் கதவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது எனக்கு வந்தது வெட்கம் இல்லை. எனக்கு இப்படி ஒருத்தியா என்று நெஞ்சு நிமிர்ந்தது. வெட்கம் ஒரு மணி நேரம் கழித்து வந்தது.

மகள் ஷீபா வேலையிலிருந்து வந்தாள். இங்கே வளர்ந்தவள். தமிழ் புரியும், பதில் மட்டும் இங்கிலீஷில் வரும். அவளிடம் கேட்டேன், அன்றைக்கு நான் எடுத்த பணத்தை எடுக்காமல் விட்டிருந்தால் வட்டியோடு இன்றைக்கு எவ்வளவு ஆகியிருக்கும், பென்ஷன் எவ்வளவு வந்திருக்கும். லேப்டாப்பில் என்னவோ தட்டி, திருப்பிக் காட்டினாள். நான் சுழிகளை எண்ண ஆரம்பித்தேன். பாதியில், "மூடும்மா" என்றேன்.

"டாடி, ஆர் யூ ஓகே?"

"யெஸ் யெஸ், நோ பிராப்ளம்."

அவள் ஃபோர்மேன் இல்லை. நம்பவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, "மாமா கிட்ட சொல்லு டாடி" என்று தமிழில் சொன்னாள். அவள் தமிழில் ஒரு முழு வாக்கியம் பேசி ஒரு வருஷம் இருக்கும்.

சாமு சாப்பாட்டு இடைவேளையில் போனை எடுத்தான். பின்னால் கிரைண்டர் சத்தம். நேராகச் சொல்லிவிடலாம் என்றுதான் ஆரம்பித்தேன். வானிலையைப் பற்றிப் பேசினேன். பிள்ளைகளைக் கேட்டேன். வெண்டைக்காய் விலை கேட்டேன்.

"இன்னா மாமா ஆச்சு உனுக்கு? வெண்டக்காயெல்லாம் கேக்கற."

"மச்சான், நான் பி.எஃப். காசுல இங்க வரல."

ஆரம்பித்த பிறகு நிறுத்தவில்லை. உருண்டை, கடலில் விரல், தையல் மிஷின், பெஞ்ச், சாம்பார், உன் அக்கா வளையல், எல்லாம் சொன்னேன். பென்ஷன் போனதைச் சொன்னேன். எனக்கு ஐம்பத்தெட்டு நெருங்குகிறது, கஜாவுக்கு வருவது எனக்கு வராது என்றேன். "வேலைய விட்டா விடு. வேற எடத்துல சேந்துக்கலாம், சர்வீஸ் கூடிக்கும். அந்தப் பணத்த மட்டும் தொடாத. இன்னும் ஒன்றரை வருஷம்டா" என்றேன்.

அந்தப் பக்கம் கிரைண்டர் நின்றது.

"அப்போ இத்தினி வருசமா என்கிட்ட கத வுட்டுகினு இருந்தியா?"

"ஆமாம் மச்சான்."

"நான் உன்னப் பத்தி எங்க ஷாப்புல எப்டிலாம் பேசியிருக்கேன் தெரியுமா."

போனை வைத்துவிட்டான்.

5

வியாழன் ஒன்றும் வரவில்லை. வெள்ளியும் இல்லை. அந்த வாரம் பட்டறையில் சூப்பர் ஃபார்மைப் புதுப்பிக்கச் சொன்னார்கள். இங்கே நம் பி.எஃப். போன்றதற்கு சூப்பர் என்று பெயர். லேசில் தொட முடியாது, அறுபது வரை பூட்டுப் போட்டு வைத்திருக்கிறார்கள். என்னைப் போல ஒருத்தனைப் பார்த்துவிட்டுத்தான் சட்டம் போட்டிருப்பார்கள். நமக்குப் பிறகு பணம் யாருக்கு என்ற இடத்தில் எஸ்தர் பெயரை எழுதினேன். அடுத்த கட்டத்தில் 'உறவு' என்று இருந்தது. 'வெரி குட்' என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். ஆபீஸ் அம்மா வாயைப் பொத்திக்கொண்டு திருப்பிக் கொடுத்தார். அங்கே 'மனைவி' என்று எழுத வேண்டுமாம். நான் எழுதியதில் என்ன தப்பு என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

சனி, ஞாயிறு, திங்கள். எஸ்தர் தம்பிக்குப் போன் செய்யவில்லை. "அவனா வரட்டும்" என்றாள். ஆனால் போனைப் பாத்ரூம் வரை எடுத்துப் போனாள்.

செவ்வாய்க்கிழமை நான் வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு வந்தபோது போன் அடித்தது. வீடியோ. சாமு யூனிஃபார்மில், தொழிற்பேட்டை டீக்கடையில் நிற்கிறான்.

"பேப்பர திருப்பி வாங்கிட்டேன்."

"குடுத்தாங்களா?"

"சூப்பர்வைசரு மேல அனுப்பவே இல்ல மாமா. ட்ராயர்ல போட்டு வெச்சுகினு கீறாரு. வெல்டர் கெடைக்காத நேரத்துல எவன்டா உன்ன வுடுவான், போய் டார்ச்ச புடின்னாரு. ஏஜென்ட் கிட்ட போயி, துட்டு முன்னாடி தர்ல, வேல கெடச்ச அப்பால சம்பளத்துல புட்ச்சிக்கோன்னேன். மூஞ்சி மாறிடுச்சு அந்தாளுக்கு."

"மேஜை மேல உருண்டை இருந்துதா?"

"இல்ல. டிவில ஏரோப்ளேன் பறந்துகினு இருந்துச்சு."

நான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை.

"எனக்குக் கோவம் தீர்ல மாமா. அது வேற. அக்காவக் கூப்புடு."

எஸ்தர் ஈரக் கையோடு வந்தாள். "வளையல மூட்டியாக்கா?" என்று கேட்டான். "மூட்டிட்டேன்டா, எப்பவோ" என்று கையைத் தூக்கிக் காட்டினாள். நான் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு, என் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு ஜோக்கும் சொல்லாமல் நின்றேன்.

வைக்கும்போது சாமு சொன்னான்: "மாமா, எங்க ஷாப்புல இன்னும் மூணு பேரு கணக்கு முடிக்கணும்னு கீறானுங்க. நான் சொன்னா நம்ப மாட்றானுங்க. நாளிக்கு டீ டைம்ல ஸ்பீக்கர்ல போடறேன். எனக்குச் சொன்ன மேரியே சொல்லு. ஒண்ணும் மறைக்கக் கூடாது."

சொன்னேன். கடலில் விரல் வந்த இடத்தில் மூன்று பேரும் சிரித்தார்கள். பிளவுஸ் இடத்தில் டீக்கடைக்காரரே சிரித்தார். பெஞ்சும் டிபன் பாக்ஸும் வந்தபோது யாரும் சிரிக்கவில்லை. ஒருத்தர் மெதுவாக, "எனக்கு ஒம்போது வருசம் முடியப் போவுது சார், இன்னா செய்யறது?" என்று கேட்டார். எட்டாம் வகுப்பு தாண்டாத என்னை ஒருவர் சார் என்று கூப்பிட்டு ஆலோசனை கேட்கிறார். "தொடாதீங்க" என்றேன். எனக்குத் தெரிந்த பொருளாதாரம் அந்த ஒரு வார்த்தைதான்.

மூன்று பேரில் இரண்டு பேர் நின்றுவிட்டார்கள். மூன்றாவது ஆள் எடுத்துவிட்டார், அவருக்கு ஆஸ்பத்திரிச் செலவு, வேறு வழி இல்லை. அன்றைக்கு அவர் கணக்கு டீ வாங்கிக் கொடுக்க வந்தபோது, ஷாப்பில் யாரும் அவரைக் காசு கொடுக்க விடவில்லையாம். சாமுதான் கொடுத்தானாம். இதைச் சொல்லும்போது அவன் குரலில் என் மேல் இருந்த கோபம் கொஞ்சம் இறங்கியிருந்தது.

6

சாமுவிடம்கூட இன்னும் சொல்லாத பகுதி ஒன்று இருக்கிறது. ஏஜென்ட் போர்டைக் கழற்றுவதற்கு முன்னால், வெளிநாட்டு வேலைக்கு உடம்புப் பரிசோதனை என்று சொல்லி என்னைப் பல்லாவரத்துக்கு அனுப்பினார். அங்கே போய்க் கதவைத் திறந்தால் வரிசையாக நாற்பது பேர், எல்லோர் கையிலும் என்னுடையதைப் போலவே ஒரு மஞ்சள் கவர். முன்னால் நின்றவர் திரும்பி என்னிடம், "நீங்க எந்த நாடு?" என்று கேட்டார். எனக்கு அதுவரை அந்தக் கேள்வி தோன்றவே இல்லை. கவரைப் பிரித்துப் பார்க்கலாம் என்று மெதுவாக ஓரத்தைக் கிழித்தேன். உள்ளே...

போன் அடிக்கிறது. திருமுடிவாக்கத்தில் டீ டைம்.

"மாமா, ஃப்ரீயா? இன்னிக்கு ஆறு பேரு கீறாங்க. பக்கத்து யூனிட்லேந்து ஒருத்தரு, பொண்ணு கல்யாணத்துக்கு நாளிக்கு எடுக்கப் போறாராம். கொஞ்சம் சீக்கிரம் வந்து அசிங்கப்படு மாமா, டீ ஆறுது."

வரேன் மச்சான், இரு.